முன்பாதி மாடு

செப்டம்பர் 1, திங்கள்

எனக்கு மாட்டு வேஷம் கிடைத்திருக்கிறது. அதுவும் முன்பாதி. தலை, கொம்பு, முன்னங்கால்கள் எல்லாம் என் பொறுப்பு. பின்னங்கால்களும் வாலும் என் கூட்டாளி பாவாடைக்கு. அவனுக்கு வருத்தம். "உனக்காச்சும் வெளிய பாக்க ஓட்ட இருக்குது. எனக்கு உன் முதுகுதான் தெரியுது" என்றான். கலையில் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடாது என்று ஆறுதல் சொன்னேன்.

எங்கள் விழிப்புணர்வு நாடகக் குழுவில் நான் போடாத வேஷம் இல்லை. டெங்குவுக்குக் கொசு. மழைநீர் சேகரிப்புக்குத் தொட்டி. தேர்தலுக்கு மை வைத்த விரல். எய்ட்ஸ் நாடகத்தில் என்னவாக வந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. இதை என்றாவது யாராவது படிக்கக்கூடும்.

இந்த முறை கால்நடைக் காப்பீடு. குழுவின் தலைவர் சேவியர் அண்ணன் கதை சொன்னார். புத்திசாலி புண்ணியகோடி தன் மாட்டுக்குக் காப்பீடு செய்கிறான். ஏமாளி ஏகாம்பரம் செய்யவில்லை. இரண்டு மாடும் செத்துப்போகின்றன. ஒருவன் ஆடுகிறான், ஒருவன் அழுகிறான். இரண்டு விவசாயியும் சேவியர் அண்ணனே. துண்டின் நிறம் மட்டும் மாறும். இரண்டு மாடும் நானே. ஒரே நாடகத்தில் இரண்டு முறை சாகிறேன், சம்பளம் ஒரு தடவைதான்.

வீட்டில் சொன்னேன். பச்சையம்மாள் சாணம் அள்ளிக்கொண்டே கேட்டாள்: "ஊருக்கெல்லாம் சொல்லப் போறியே, நம்ம சீதேவிக்குப் போட்டாச்சா?"

நடிகன் வேறு, பாத்திரம் வேறு என்று விளக்கினேன்.

"பாத்திரம் கெடக்கட்டும். மாட்டுக் கயிறு நைஞ்சு போச்சு. சந்தையில புதுசா ஒண்ணு வாங்கியா."

மனைவிக்குக் கலை ரசனை இல்லாதது பெரிய குறை என்று சொல்ல மாட்டேன். சின்னக் குறை.

செப்டம்பர் 3, புதன்

கயிறு வாங்கினேன். நல்ல கயிறு, சிவப்பும் மஞ்சளும் முறுக்கியது. யானையே கட்டலாம் என்றான் கடைக்காரன்.

மதியம் ஒத்திகை. மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இல்லாமல் மேடையில் களை கட்டவில்லை என்றார் சேவியர் அண்ணன். குழுவிடம் இருந்தது ஒரு சணல். அதைக் கட்டினால் நான் மாடு மாதிரி இல்லை, பார்சல் மாதிரி இருந்தேன். என் பையில் புதுக் கயிறு சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தேன். நாடகம் முடிந்ததும் சீதேவிக்குக் கட்டிக்கொள்ளலாம். இந்த மாதம் மட்டும்தானே.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் நாடகம், நரிக்குட்டையில். கூட்டம் பரவாயில்லை. மாடு சாகும் இடத்தில் கண்ணீர் வரும் என்று சேவியர் அண்ணன் எதிர்பார்த்தார். சிரிப்புதான் வந்தது. நான் செத்த பிறகும் பாவாடை உயிரோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நான் செத்தது தெரியாதாம்.

ஒரு அம்மா எழுந்து வந்து கத்தினாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஊரு நடுவுல மாடு செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வெக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லியா?"

இல்லை. ஆனால் செத்த மாடு எப்படிப் பதில் சொல்லும்?

கடைசியில் நூர்ஜஹான் டாக்டரம்மா எழுந்தார். கால்நடை மருத்துவமனை டாக்டர். எங்களோடு ஊர் ஊராக வருகிறார். காப்பீட்டுக்கு ஒத்துக்கொள்கிற மாட்டின் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லையைக் குத்தி, போட்டோ எடுத்து, பதிவு செய்வது அவர் வேலை. ஒருவர் கேட்டார்: "முள்ளுல மாட்டிக்கினு காதுவில்லை வுழுந்துட்டா?"

"உடனே எங்கிட்ட சொல்லுங்க. வேற குத்தி, புது நம்பரை எழுதிக்கலாம்."

"போன வருசம் எங்க சித்தப்பா மாட்டுக்குப் பணமே வரலியே?"

"உங்க சித்தப்பா மாட்டைப் பொதைச்சுட்டு, காரியமெல்லாம் முடிச்சுட்டு, அப்புறம் வந்து சொன்னாரு. செத்ததை நான் கண்ணால பாத்தாதானே சர்டிபிகேட் குடுக்க முடியும்?"

இத்தனை விளக்கத்துக்குப் பிறகு காப்பீடு செய்துகொண்ட மாடுகள் இரண்டு. இரண்டும் ஊராட்சித் தலைவருடையவை. போட்டோ எடுத்ததும் அவர் கிளம்பிவிட்டார், கூட்டமும் கிளம்பிவிட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

டீக்கடையில் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு எல்லோர் முன்னாலும் கேட்டான். "இன்னா கலியமூர்த்தி, ஊரு ஊரா போய் செத்துக்கினு இருக்கியாமே? நம்ம ஊருக்கு எப்ப சாவ வர்ற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலைஞனுக்குப் பெருந்தன்மை வேண்டும்.

டாக்டரம்மா நாளைக்கு நம் ஊருக்கு ஊசி போட வருகிறாராம். அப்போதே சீதேவிக்கும் வில்லை குத்திவிடலாம் என்கிறாள் பச்சையம்மாள். மாடு இப்போதுதான் ஈன்று நன்றாகக் கறக்கிறது. நன்றாக இருக்கிற உயிருக்கு எதற்கு இப்போதே சாவைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்? இதை நான் நாடகத்தில் ஏகாம்பரத்தின் வசனமாகத் தினமும் கேட்கிறேன், முட்டாள்தனமான வசனம். ஆனால் வீட்டில் யோசிக்கும்போது அதில் ஏதோ இருக்கிறது.

ஆதார் நகல் வேண்டும், ஜெராக்ஸ் கடை மூடியிருக்கிறது என்று பச்சையம்மாளிடம் சொல்லிவிட்டேன். மூடியும் இருந்திருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

புளியங்கொல்லை. இரண்டு முறை செத்தேன். மழை. பதிவு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கயிறு எங்கே என்று பச்சையம்மாள் கேட்டாள். சந்தையில் நல்லதாக இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அவள் பழைய கயிற்றிலேயே இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். முடிச்சுப் போடுவதில் அவள் கெட்டிக்காரி. மாடும் சாது. ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 13, சனி

சீதேவி இல்லை.

பழைய கயிறு அறுந்திருக்கிறது. வேலி தாண்டி அய்யாக்கண்ணுவின் மரவள்ளிக் கொல்லைக்குள் போயிருக்கிறது. இளம் இலையாக மேய்ந்திருக்கிறது. மரவள்ளி இலை மாட்டுக்கு விஷம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், மாட்டைத் தவிர. நான் போனபோது வாயில் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தது. பச்சையம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஸ்கூட்டரை வரப்பிலேயே போட்டுவிட்டு ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "காதுவில்லை போட்டிருக்கீங்கல்ல?"

எல்லோரும் சீதேவியின் காதைப் பார்த்தார்கள். பச்சையம்மாள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

கயிறு என்றால் அறும். அதற்கு யாரும் பொறுப்பில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதைத்தாயிற்று. அய்யாக்கண்ணு வந்து குழி வெட்டினான். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கன்றுக்குட்டி கத்திக்கொண்டே இருக்கிறது. சங்கத்துக்குப் பால் கொண்டுபோகும் தூக்கைப் பச்சையம்மாள் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். என்னிடம் பேசவில்லை. துக்கம் இருக்கும் வீடு, பேச்சு குறைவாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

வேலை என்று ஒன்று இருக்கிறதே, போனேன். ஏரிமேடு என்ற ஊர். பெரிய கூட்டம், ரேஷன் கடையில் இன்றைக்கு அரிசி போட்டார்கள்.

ஏகாம்பரத்தின் மாடாக நான் இரண்டாவது முறை செத்து விழுந்து கிடந்தபோது கூட்டத்தில் சலசலப்பு. மாட்டு மூக்கின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். இரண்டு கால்கள் நடந்து வந்தன. அந்தக் கொலுசில்லாத கால்கள் எனக்குத் தெரிந்த கால்கள். பஸ் பிடித்து எதற்காக அங்கே வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் நிலையிலும் நான் இல்லை.

குனிந்து என் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சைப் பிரிக்க நேரம் ஆயிற்று. நான் போட்ட முடிச்சு.

"இது எங்க வூட்டுக் கயிறு" என்றாள்.

சேவியர் அண்ணன் துண்டோடு திகைத்து நின்றார். நாடகத்தில் இது ஒரு கட்டம் என்று நினைத்துக் கூட்டம் அமைதியாயிற்று.

"எம்மாட்டுக்குன்னு வாங்கியாரச் சொன்ன கயிறு. சந்தையில நல்லதே இல்லேன்னு எங்கிட்ட சொன்னாரு. செவப்பும் மஞ்சளுமா ஒண்ணு வாங்கிக்கினு போனாருன்னு கடைக்காரன் சொல்றான். இங்க பொம்ம மாட்டுக் கழுத்துல கெடக்குது. அங்க எம்மாடு நைஞ்ச கயித்த அறுத்துக்கினு போயி, மரவள்ளிய மேஞ்சிட்டு, முந்தாநாளு எம் மடியில செத்துப்போச்சு."

யாரோ கை தட்டினார்கள். "தட்டாதய்யா" என்றாள் பச்சையம்மாள். "இது நடிப்பு இல்ல. இந்தத் தலைக்குள்ள கெடக்கறாரு பாரு, அவரு என் வூட்டுக்காரரு. ஊரு ஊரா போயி இன்சூரன்ஸ் போடு, இன்சூரன்ஸ் போடுன்னு சொல்ற மனுசன் சொந்த மாட்டுக்குப் போடல. நான் கேட்டா ஜெராக்ஸ் கடை மூடியிருக்குதாம். நான் போய்ப் பாத்தேன். தொறந்துதான் இருந்துச்சு."

எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன். பின்னாலிருந்து பாவாடை என் இடுப்பைப் பிடித்து அழுத்தினான். "செத்தே கெட" என்றான்.

"இவரு சொல்றத நீங்க கேக்க வேணாம்" என்று முடித்தாள். "இவரு செஞ்சதப் பாத்துட்டீங்க இல்ல? போய்ப் போடுங்க."

கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்ததை எங்கள் குழுவின் சரித்திரத்தில் எழுத வேண்டும். ஆள்கள் வீட்டுக்கு ஓடி மாட்டை ஓட்டி வந்தார்கள். வரிசையில் சண்டை. டாக்டரம்மாவின் பையிலிருந்த வில்லை தீர்ந்துபோய் நாளைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். சேவியர் அண்ணன் என் தலையைக் கழற்றிவிட்டு, கண் கலங்கி, "கலியா, இதுதான்டா நாடகம்" என்றார். என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பார் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் டாக்டரம்மாவும் சேவியர் அண்ணனும் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் கேட்க என்று நினைத்து நாற்காலி போட்டேன். பச்சையம்மாளைக் கேட்க வந்திருக்கிறார்கள், மிச்ச ஊர்களுக்கும் வர முடியுமா என்று.

"நான் இன்னாத்துக்கு டாக்டரம்மா? எனக்கு நடிக்கல்லாம் வராது."

"அதனாலதான் கேக்கறேன் பச்சையம்மா. நீங்க நேத்துப் பேசுனதால எத்தனை மாட்டுக்குப் போட்டாங்க தெரியுமா? நான் மூணு வருசமா நோட்டீஸ் குடுக்கறேன். நோட்டீஸ்ல வடை மடிக்கிறாங்க."

அவள் போய்க் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். சம்பளம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார்கள். மாட்டின் முன்பாதிக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்று பிறகு பாவாடை மூலம் அறிந்தேன்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இனி கழுத்துக்குச் சணல்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

கருவேப்பந்தாங்கல். ஏரிமேட்டில் சொன்னதையே சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை. புதிதாக வேறு சொன்னாள். முதல் மாடு வாங்க அவள் மூக்குத்தியை அடகு வைத்த கதை. அது எனக்குத் தெரியும். அதை அவள் மீட்கவே இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கில் இருப்பது கவரிங்காம்.

பதிவு அமோகம்.

வீட்டுக்கு ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சோறு வைக்கிறாள். குழம்பு ஊற்றுகிறாள். தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. கல்யாணமான நாள் முதல் இவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. என் மனைவியின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்ச் சாக வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெரிய மீசைக்காரர் ஒருவர் இன்று வம்பு பண்ணினார். "காதுல ஓட்ட போட்டா பால் கொறைஞ்சு போவும். எங்களுக்குத் தெரியாதா?"

"உம் பொண்ணுக்குக் காது குத்துன அன்னிக்குப் பொண்ணு சோறு தின்னாம இருந்துச்சா?" என்றாள் பச்சையம்மாள்.

மீசைக்காரரின் மனைவியே முதலில் சிரித்தாள். அவர் மாடும் வில்லை குத்த வந்தது.

சிரிப்பு அடங்கியதும் சும்மா விட்டிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "மாடு செத்தா பணம் வரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. வரட்டும், வாங்கிக்குங்க, இன்னொண்ணு வாங்குங்க. ஆனா அவ வரமாட்டா. அவ பேரு சீதேவி. கறக்கும்போது அவகிட்டதான் பேசிக்கினு இருப்பேன். அன்னன்னிக்கு நடந்தது எல்லாத்தையும் சொல்லுவேன். காத ஆட்டிக்கினு கேப்பா. வூட்ல வேற யாரு அப்பிடிக் கேட்டா?"

மாட்டுத் தலைக்குள் காற்று வராது. வியர்வை கண்ணில் இறங்கிவிடும். இதைச் சேவியர் அண்ணனிடம் பலமுறை புகார் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

பச்சையம்மாளுக்கு இன்று சால்வை போட்டார்கள். எனக்கு ஒரு பொடியன் வைக்கோல் நீட்டினான்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாவாடை சொன்னான்: "அண்ணே, அண்ணி பேசறப்ப நீ நடுங்கற. எனக்கு முதுகுல தெரியுது." மாட்டுக்கு உயிர் பிரியும் நடுக்கம், அதுதான் நுட்பமான நடிப்பு என்றேன். மாடு செத்து ரொம்ப நேரம் ஆகுதே என்றான். பின்பாதிக்காரனுக்கு நடிப்பைப் பற்றி என்ன தெரியும்?

செப்டம்பர் 27, சனி

நாளைக்குக் கடைசி நாடகம். ஆலங்கொல்லை. அதாவது நம் ஊர்.

ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கூட்டம் சேராது, தள்ளிவைக்கலாம் என்று சேவியர் அண்ணனிடம் சொன்னேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றார். எனக்கு என்றேன். மாத்திரை கொடுத்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவாடைக்குத்தான் காய்ச்சல். காலையில் போன் வந்தது. பின்பாதி இல்லாமல் மாடு எப்படி நடக்கும்? ரத்து செய்வதைத் தவிர வழியில்லை என்று, மேடைக்குப் பின்னால் பாதி மாடாக நின்று நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். துணியை விலக்கினாள். உள்ளே நுழைந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சேவியர் அண்ணன் மேளத்தை அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஊரே இருந்தது. டீக்கடை பெஞ்சு இருக்கும் இடத்தில் அய்யாக்கண்ணு நின்றான். நாங்கள் நடந்தோம். பாவாடையோடு இத்தனை நாள் நடந்தும் வராத நடை இன்று வந்தது. அவளுக்கு மாட்டின் நடை தெரியும்.

முதல் சாவு சரியாக நடந்தது. இரண்டாவது சாவில், சொந்த ஊர் என்ற பதற்றமோ என்னவோ, கொஞ்சம் ஓங்கி விழுந்துவிட்டேன்.

"யோவ்" என்றது பின்பாதி. "எங் காலு மேல வுழுந்துட்ட. தள்ளிப் படு."

சீதேவி போன நாளிலிருந்து அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் தள்ளிப் படுத்தேன். செத்த மாடு புரண்டதைப் பார்த்து ஊர் விசில் அடித்தது.

பிறகு கூட்டத்திலிருந்து குரல்கள். "பச்சையம்மா எங்க? பச்சையம்மாவப் பேசச் சொல்லு!" பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைத் திட்டுவதைக் கேட்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தார்கள்.

"உன்னத்தான் கூப்புடறாங்க. போயிப் பேசு" என்று கிசுகிசுத்தேன்.

"எனக்குப் பேசித் தீந்துபோச்சுய்யா" என்றாள். "இனிமே ஒண்ணும் இல்ல. நீ பேசு."

என்ன பேசுவது என்று கேட்டேன். முழங்கையால் என் முதுகில் இடித்தாள். மேளக்காரரும் அடிப்பதை நிறுத்திவிட்டார். மண்டியிட்டு எழுந்து மாட்டுத் தலையைக் கழற்றினேன். இந்த ஊரில் நான் முகத்தோடு மேடையேறியது இதுதான் முதல் தடவை.

"எங்க மாட்டுக்கு நான் இன்சூரன்ஸ் போடல" என்றேன். "போட்டா நீங்க சிரிப்பீங்கன்னு நெனைச்சேன். நாடகக்காரன் கமிஷன் வாங்கிக்கினு மொத வில்லைய அவன் மாட்டுக்கே குத்திக்கினான்னு அய்யாக்கண்ணு டீக்கடையில சொல்லுவான், எல்லாரும் சிரிப்பீங்கன்னு. அதுக்குப் பயந்துக்கினுதான்."

வசனம் என்று பார்த்தால் சுமார்தான். சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. அய்யாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தன் இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து டாக்டரம்மா முன்னால் நிறுத்தினான். அவன் பின்னால் மற்றவர்கள்.

ஆனால் மாட்டின் பின்பாதி குலுங்கிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் குலுங்கியது. சிரிப்பு என்றே இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

நாடகம் முடிந்தது. அடுத்து பிளாஸ்டிக் ஒழிப்பு. நான் கேரி பேக்.

பால் சங்கத்தில் மாட்டுக் கடன் கொடுக்கிறார்களாம். வாங்கிய இடத்திலேயே டாக்டரம்மா வந்து வில்லை குத்தினால்தான் மாட்டை வண்டியில் ஏற்றுவேன் என்று பச்சையம்மாள் சொல்லிவிட்டாள். காலையில் தலை சீவி, கன்றுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வாசலில் நின்று கேட்டாள்.

"சந்தைக்குப் போறேன், மாடு பாக்க. வர்றியா?"

மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன்.

"ஒரு மாசமா மாடாவே இருந்தியே, அதுல ஒண்ணுகூடவா தெரிஞ்சுக்கல?" என்றாள். "செருப்ப மாட்டு, வா."